கல்லுக்குக் காவல் உண்டு, ஆற்றுக்கு?

திண்டுக்கல் வட்டாரத்தின் உள்ளூர் வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகளும் சுற்றுலாக் கையேடுகளும் பெரும்பாலும் மலைக்கோட்டையில் ஏறி, பேகம்பூர்ப் பள்ளிவாசலில் இறங்கி, விருப்பாச்சி கோபால் நாயக்கரின் பெயரைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. நகருக்கு வடக்கே கரூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாடிக்கொம்பு அந்த வரிசையில் சேர்க்கப்படும்போதும், அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோவிலின் சிற்பத் தூண்களுக்காகவே சேர்க்கப்படுகிறது. தூண்களுக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் ஊரும் கோவிலும் எந்தக் கரையை நம்பி எழுந்தனவோ அந்தக் குடகனாற்றை ஊரின் அடையாளமாக எவரும் எழுதுவதில்லை என்பதும், எழுதப்படாத அந்த ஆறு ஒரு தலைமுறைக் காலத்திற்குள் கண்ணெதிரே கெட்டுப்போனது என்பதும் ஒன்றோடொன்று தொடர்புடைய செய்திகள்.

கோவில் விஜயநகர ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது. பேரரசர் அச்சுததேவராயரின் ஆட்சியோடு (1529–1542) அதன் திருப்பணி தொடர்புபடுத்தப்படுகிறது. கல்யாண சௌந்தரவல்லித் தாயார் சன்னதிக்கு முன்னுள்ள ரங்கமண்டபத்தில், அதாவது உற்சவர் எழுந்தருளி உபசாரங்களை ஏற்பதற்கென அமைந்த மண்டபத்தில், தூணும் சிற்பமும் ஒரே கல்லாக இருக்கும்படி செதுக்கப்பட்ட பெரிய உருவங்கள் நிற்கின்றன. விண்ணை அளக்கக் காலை மேலே தூக்கிய உலகளந்த பெருமாள், இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், ஆயிரம் கையன் எனப்படும் கார்த்தவீரியார்ச்சுனன், அகோர வீரபத்திரர், ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடும் ஊர்த்துவ தாண்டவர், அவரோடு போட்டியிட்டு ஆடிய காளி என்று வைணவமும் சைவமும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து நிற்பது, விஜயநகர–நாயக்கர் கலை சமய எல்லைகளை எவ்வளவு எளிதாகக் கடந்தது என்பதற்குச் சான்று. அன்னத்தின் மேல் அமர்ந்த ரதியின் தூணை அருகில் நின்று பார்ப்பவர், பறவையின் இறகு வரிசையும் அதன் மேல் படியும் ஆடை மடிப்பும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரியும் இடத்தில் உளியின் வேலை எவ்வளவு மெல்லியதாகிறது என்பதைக் காணலாம். எதிரே கரும்பு வில்லோடு மன்மதன் நிற்கிறான். திருமணத் தடை நீங்க வேண்டி வியாழக்கிழமைகளில் இந்த இருவருக்கும் நடக்கும் பூசையும், சொர்ண ஆகர்ஷண பைரவருக்குத் தேய்பிறை அட்டமியில் நடக்கும் வழிபாடும் வெளியூர்க் கூட்டத்தை இழுக்கின்றன. மதுரைப் பகுதியின் புகழ்பெற்ற மண்டபங்களுக்கு இந்த மண்டபம் இளைத்ததல்ல என்று துணிந்து சொல்லலாம்.

இவ்வளவு சிறப்புடைய கோவில் இந்த இடத்தில் அமைந்ததற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. தவளை உருவம் அடையுமாறு சபிக்கப்பட்ட மண்டூக முனிவர் இங்கே தவம் செய்தார் என்றும், அவரைத் துன்புறுத்திய அசுரனை அழிக்க அழகர்கோவில் கள்ளழகரே வந்து நின்றார் என்றும் அது கூறுகிறது. புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் தவளை உருவில் வாழும் முனிவருக்குத் தண்ணீர் இல்லாத ஊரை எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள் என்ற அளவில் அது ஒரு புவியியல் சாட்சி. மதுரையில் வைகை பெறும் இடத்தை இங்கே குடகனாறு பெறுகிறது. சித்திரைப் பௌர்ணமியில் சௌந்தரராஜப் பெருமாள் இறங்குவது இந்த ஆற்றில்தான். பக்கத்து ஊரான அகரத்தின் முத்தாலம்மன் திருவிழாவில் அம்மனின் உருவம் மண்ணால் செய்யப்பட்டுக் கண் திறக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பகுதியின் வழிபாடு ஈரமான மண்ணையும் ஓடும் நீரையும் ஒட்டியே வளர்ந்திருப்பது தெளிவாகும்.

குடகனாறு கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் தோன்றி, ஆத்தூர்ப் பக்கம் சமவெளியில் இறங்கி, திண்டுக்கல் வட்டாரத்தை வடக்கு நோக்கிக் கடந்து, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. அமராவதி காவிரியில் கலப்பதால் தாடிக்கொம்பு, கணக்கின்படி, காவிரிப் படுகையைச் சேர்ந்த ஊர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அன்று. மழைக் காலத்தில் பெருகி, பிற காலத்தில் மணலுக்கு அடியில் நீரை வைத்திருந்து, கரையோரக் கிணறுகளை ஊற வைக்கும் ஆறு. அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடவும் இயலாது: 1977 வெள்ளத்தில் வேடசந்தூருக்கு அப்பால் அழகாபுரியில் இந்த ஆற்றின் குறுக்கே இருந்த அணை உடைந்தது.

ஆற்றின் கேடு வெள்ளத்தால் வரவில்லை, உப்பால் வந்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றதைப் போலவே தோலுக்கும் பெயர் பெற்ற நகரம். ‘தோல் ஷாப்’ என்று உள்ளூரில் வழங்கும் பதனிடும் ஆலைகள், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தாவர முறையில் பதனிட்ட காலத்திலேயே நகரின் ஓரங்களில் இருந்தன. குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவிய பிறகு அவற்றின் கழிவு வேறு தன்மை பெற்றது. குடகனாற்றின் மேல்படுகையில் சுமார் 80 ஆலைகள் இயங்கியதாக நிலத்தடி நீர் ஆய்வுகள் குறிப்பிடுகின்றன.

ஆலைக்கு வரும் பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்புப் பூசிக் கட்டப்பட்டிருக்கும். முதல் வேலையாக அதைத் தொட்டியில் ஊற வைத்து அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவார்கள். பிறகு மயிர் நீங்கச் சுண்ணாம்பு, பிறகு அமிலமும் மீண்டும் உப்பும், அதன் பிறகே குரோமியம். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் இவ்வாறு செலவாகிக் கழிவாகிறது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓரளவு படிய வைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது, மக்காது. திறந்த குளத்தில் விட்டால் மண்ணில் இறங்கும், ஓடையில் விட்டால் ஆற்றுக்குப் போகும், மழை இல்லாத ஆண்டில் கிணற்றில் ஏறும். நகரைச் சுற்றிய கிராமங்களில் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியதும், பயிர் நின்றதும், குடிநீருக்கு வெளியூர்க் குழாயை எதிர்பார்க்க நேர்ந்ததும் இதன் விளைவுகள். தமிழகத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து அது பெயர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் மாணவர் எவரும் தவிர்க்க முடியாத தீர்ப்பு அது. உள்ளூர் வரலாற்றை எழுதுவோர் 1605ஆம் ஆண்டின் கோட்டையை மறவாமல் குறிப்பிட்டு, 1996ஆம் ஆண்டின் இந்தத் தீர்ப்பை விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

இந்த மறதிக்குச் சட்டமும் இடம் தருகிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடம், சிற்பம், கல்வெட்டு முதலியவற்றைத் தொன்மைச் சின்னமாக அறிவித்துக் காக்க வழி செய்கின்றன. ஓடும் ஆறு அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆறு வருவாய்த்துறைப் பதிவில் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது எவருடைய பட்டாவிலும் சேராத பொது நீர் நிலம். அதன் பழமையோ திருவிழாவோ அந்தப் பதிவில் ஏறாது. இங்கிலாந்தின் கிராமங்களில் நிலைமை சற்று வேறு. 1538 முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதிவந்த அந்த நாட்டில், 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட வழி செய்தது. அதற்கு மேலும் சென்று, 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப் பொதுப் புல்வெளியையே பதிவுக்குரியதாக்கியது. ஊரார் நெடுங்காலம் கூடி விளையாடிய வெளி என்பதே அந்தப் பதிவுக்குப் போதுமான தகுதி. வழக்கத்தால் ஓர் இடம் அடையாளமாகும் என்று அங்கே ஏற்க முடியுமானால், பெருமாள் இறங்கும் ஆற்றுக்கு இங்கே அந்தத் தகுதி மறுக்கப்பட வேண்டியதில்லை.

தோல் தொழில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது என்ற வாதம் உண்மையே. கூட்டுச் சுத்திகரிப்பு வந்த பின் நிலை மாறியிருக்கிறது என்போரும் உண்டு. ஆற்றில் நீர் குறைந்ததற்கு மேல்பகுதியிலேயே தண்ணீர் பிரிக்கப்படுவதே முதற்காரணம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளும், மழையின்மையே காரணம் என்று பிறரும் சொல்கிறார்கள். இவை எவையும் மண்ணில் இறங்கிவிட்ட உப்பை வெளியே எடுத்துவிடுவதில்லை; ஆற்றில் நல்ல நீர் தொடர்ந்து ஓடினாலன்றி அது கரைந்து அகலாது.

தாடிக்கொம்புக்கு வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆற்றுப் புறம்போக்கின் எல்லை அளந்து கல் நடப்பட வேண்டும். பெருமாள் இறங்கும் இடமும் அதை ஒட்டிய கரையும் கோவிலின் பகுதியாகவே கருதப்பட்டுப் பேணப்பட வேண்டும். கரையோரக் கிணறுகளின் உப்பளவு ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், அளக்கப்பட்டு ஊர்ப் பொது இடத்தில் எழுதப்பட வேண்டும். தலவரலாற்றுப் பலகையில் அச்சுததேவராயருக்கு அடுத்த வரியில் குடகனாற்றின் பெயரும் இடம்பெற வேண்டும். அட்டமிக்கும் வியாழனுக்கும் திரண்டு வரும் பக்தர்கள் மண்டபத்தைப் பார்த்ததோடு வண்டியேறிவிடாமல் ஆற்றங்கரை வரை நடந்து சென்று, ஆறு கிடக்கும் நிலையைப் பார்த்து, கோவில் திருப்பணிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கையேனும் ஆற்றுக்கும் கேட்டு வாங்க முன்வர வேண்டும்.