ஆந்தை செய்த குற்றம் என்ன?

மாணவர்களே! ஆந்தை அலறினால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து மக்களும் கூகையின் கிறீச்சொலியைச் சாவின் அறிகுறி என்றே நம்பினர். இடியும் மின்னலும் தாக்காதிருக்க, செத்த கூகையைத் தானியக் களஞ்சியத்தின் கதவில் ஆணியடித்து மாட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் அங்கே இருந்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே நாட்டில் பல களஞ்சியங்களைக் கட்டும்போது சுவரின் உச்சியில் ஒரு துளை விட்டார்கள். கூகை உள்ளே வந்து எலிகளைப் பிடிக்கட்டும் என்பதற்காகத்தான்! கதவில் பகை, கூரையடியில் நட்பு.

பிறகு ஆந்தைக்கு இன்னொரு மதிப்பும் கிடைத்தது. வட இங்கிலாந்தின் விகன் நகரில், 'விகன் கேசினோ' என்ற அரங்கில், 1973 செப்டம்பரில் விடிய விடிய நடக்கும் நடன இரவுகள் தொடங்கின. வாரமெல்லாம் உழைத்த இளைஞர்கள் சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் கூடி, ஞாயிறு காலை வரை ஆடினார்கள். ஒலித்தவை பெரும்பாலும் 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடிய, கிடைத்தற்கரிய இசைத்தட்டுகள். இந்த இசை மரபுக்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர். இரவில் கண்விழிப்போரை 'இரவு ஆந்தை' என்பது ஆங்கில வழக்கு. ஆகவே இவர்கள் பைகளிலும் சட்டைகளிலும் தைத்துக்கொண்ட சின்னங்களில், உயர்த்திய கைமுட்டியைப் போலவே ஆந்தையும் இடம்பெற்றது.

இருளுக்கு அஞ்சியவர்களுக்கு ஆந்தை எமன். இருளைக் கொண்டாடியவர்களுக்குத் தோழன். உண்மையில் அது யார்? இதற்கு விடை சொல்வது இயற்பியல்.

கூகை முழு இருளிலும் ஒலியைக் கொண்டே எலியைப் பிடிக்கும். அதன் காதுகளுக்கு இடையே 5 செ.மீ. தொலைவு எனக் கொள்வோம். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டியபின் மறு காதை எட்ட ஆகும் நேரம் விநாடியில் ஏறத்தாழ 7,000-இல் ஒரு பங்கு! இதைவிடச் சிறிய வேறுபாட்டையும் உணர்ந்து, இடமா வலமா என்று அது அறிகிறது. மேலா கீழா என்பதை எப்படி அறியும்? அதன் காதுத் துளைகளுள் ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் அமைந்துள்ளன. மேலிருந்து வரும் ஒலி ஒரு காதிலும், கீழிருந்து வரும் ஒலி மறு காதிலும் உரக்கக் கேட்கும். தட்டுப் போன்ற அதன் முகம் ஒலியைக் குவித்துக் காதுகளுக்கு அனுப்புகிறது. இறகுகளின் ஓரத்திலுள்ள மென்மையான இழைகள் சிறகோசையை அடக்குகின்றன.

விகன் கேசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டன் இயற்றிய வனவிலங்குச் சட்டம் கூகைக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளித்தது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆந்தையைக் கொல்வது குற்றம். ஆயினும் மாந்திரீகத்தின் பெயரால் இன்றும் ஆந்தைகள் கொல்லப்படுகின்றன.

இன்றிரவு எங்கேனும் கூகை கிறீச்சிட்டால் அஞ்சாதீர்கள். வயல் எலிக்குத்தான் அது கெட்ட சகுனம், உழவருக்கு அன்று!