காற்றிலிருந்து உரம் இறக்கும் செடி: தெரியுமா?

தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் இறங்கும் இடம் கேரளம் இல்லை, தெரியுமா? அந்தமான் நிக்கோபார்! மே 20 வாக்கிலேயே அங்கே மழை தொடங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இத்தனை மழையில் வயலில் போட்ட யூரியா என்ன ஆகும்? அதிலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறியதும் மண்ணில் தங்காது. நீரோடு அடியில் இறங்கிவிடும். நீர் தேங்கிய நிலத்திலோ வாயுவாகிப் பறந்துவிடும். அந்த யூரியாவும் சென்னையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி வரவேண்டிய சரக்கு.

ஆனால் ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் நைட்ரஜன் எவ்வளவு தெரியுமா? 70,000 டன்னுக்கும் அதிகம்! அதை உரமாக்க ஆலைகளுக்குப் பொதுவாக 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். பசுமையாகவே மடக்கி உழும் பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்சூட்டில் முடித்துவிடுகிறது. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. பாக்டீரியாவின் நொதியைக் கெடுத்துவிடக்கூடிய ஆக்சிஜனை அது அடக்கிவைக்கிறது. ஒரு செடிக்குள் ரத்தத்தின் உறவு!

தக்கைப்பூண்டின் இனத்தைச் சேர்ந்த மணிலா அகத்தி இன்னும் ஒரு படி மேல். அதற்குத் தண்டிலும் முடிச்சு உண்டு! வேர் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் தண்டு நைட்ரஜன் பிடிக்கும்.

அந்தமான் நெல்லுக்குத் தக்கைப்பூண்டு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். அங்கே பெயர்பெற்ற சி-14-8 என்ற நெல் நீண்டகால ரகம். நடவு ஜூலை, ஆகஸ்டில். மே மழைக்கும் நடவுக்கும் இடையில் ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். தக்கைப்பூண்டு பூக்கவும் கிட்டத்தட்ட அதே நாட்கள்தான்! விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்துகூடச் சேரும். ஏறக்குறைய மூன்று மூட்டை யூரியா. முற்றவிட்டால் தண்டு நாரேறி மட்கத் தாமதமாகும். உழுத நிலத்தைச் சும்மா போட்டுவைப்பதும் கூடாது. சேர்த்த சத்தை மழை மறுபடி கொண்டுபோய்விடும்.

தக்கைப்பூண்டின் பயன் இதோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெற்கு அந்தமானின் வயல்களில் கடல் புகுந்தது. நிலமே அமிழ்ந்ததால் பல இடங்களில் உப்புநீர் வடியவே இல்லை. உவரையும் தேங்கிய நீரையும் ஒருசேரத் தாங்கும் பசுந்தாள் பயிர்கள் மிகச் சில. தக்கைப்பூண்டு அதில் ஒன்று! மழை உப்பைக் கழுவ, இந்தச் செடி மண்ணுக்குக் கரிமச்சத்தைத் திருப்பித் தரும்.

தீவில் வயல் வைத்திருப்பவர்களே, ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். அடுத்த மே மாதம் முதல் மழை விழுந்ததும் விதைத்துவிடுங்கள்!