ஐம்பதிலும் கை வளையும்!

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பார்கள். மரவேலை செய்பவர்கள் வளைந்துதான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் முழங்கை மக்கர் பண்ணும்!

என்னிடம் வந்த ஆசாரி ஒருவருக்கு வயது 52. வலது முழங்கையின் வெளிப்புறம் சுரீர் சுரீரென்று வலி. காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்தால் இரண்டு நாள் தேவலை. ரம்பத்தை எடுத்தால் மறுபடி பழைய கதைதான். “தொழிலையே விட்டுடலாமான்னு தோணுதுங்க ஐயா” என்றார்.

இதற்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். டென்னிஸ் மட்டையையே தொடாதவர்களுக்கும் வரும்! மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண், முழங்கை எலும்பில் ஒட்டுகிற இடத்தில் ஓயாத இழுப்பால் நைந்துபோகிறது. கருவியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இழுப்பும் கூடும். ஆக, மருந்து பாதி, கைப்பழக்கம் மீதி.

அவருடைய தாய்மாமன் 70 வயதிலும் வலியில்லாமல் ரம்பம் பிடிப்பவர். அவரிடம் போய்ப் பழகச் சொன்னேன். “முப்பது வருஷம் பிடிச்ச ரம்பத்தைப் புதுசாப் பிடிச்சா சின்னப் பசங்க சிரிப்பாங்களே?” என்று தயங்கினார். ஆனாலும் போனார். மாமன் சொல்லிக் கொடுத்தவை இவை:

ரம்பம்: மூன்று விரல்களால் பிடித்து, ஆள்காட்டி விரலை ரம்பத்தின் போக்கில் நீட்டுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் எல்லாம் ஒரே கோட்டில் வரட்டும். அழுத்த வேண்டாம், கூரான ரம்பம் தானே அறுக்கும்.

சுத்தியல்: தலைக்குப் பக்கத்தில் இறுக்காமல், பிடியின் கடைசியில் தளர்வாகப் பிடியுங்கள்.

உளி, இழைப்புளி: மழுங்கிய கருவிக்குக் கைதான் ஈடுகட்டும். அடிக்கடி தீட்டுங்கள். இழைக்கும்போது கால்களை முன்பின் வைத்து உடம்பால் தள்ளுங்கள்.

முதல் வாரம் வெட்டு கோணலாகப் போனது. வேலையும் மெதுவாச்சு. தினமும் அரை மணி கழிவுப் பலகையில் பழகினார். மூன்று மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்தது. வெட்டும் முன்னைவிட நேர்!

வலிக்கு உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தடவி, வதக்கிய நொச்சி இலையைத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கலாம். வேலைக்கு நடுவே கையை நீட்டி, மறுகையால் மணிக்கட்டைக் கீழே மடக்கி 20 விநாடி வையுங்கள். விரல் மரத்துப்போனாலோ, வீக்கம் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆணி அடிக்கும் கணவன்மார்களே, இது உங்களுக்கும்தான்!