களம் வார்க்கும் சிலிக்கோன்

1812ஆம் ஆண்டில் பிரஷிய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்திற்கு ரைஸ்விட்ஸ் என்பார் பெரியதொரு போர் ஆட்ட மேசையைப் படைத்தளித்தார். அதன் நிலப்பரப்பு முழுவதும் சாந்தில் செய்து வண்ணம் தீட்டிய சிறு சதுரத் துண்டுகளால் ஆனது. ஆறு, சதுப்பு, ஊர், சாலை எனத் துண்டுகளை மாற்றியடுக்கினால் புதிய களம் பிறக்கும். 1824இல் அவர் மைந்தர் வகுத்த ஆட்டம் நிலவரைபடத் தாளுக்கு மாறியது. ஆயினும் தந்தையின் எண்ணம் மறையவில்லை. இடிந்த மதிலையும் பாறையையும் கல்தளத்தையும் ஒருமுறை மூலவுருவாகச் செதுக்கிப் பலமுறை வார்த்துக் களம் சமைப்போர் இன்றும் உளர். அவர்க்கு உற்ற துணை சிலிக்கோன் அச்சு.

சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நெடுஞ்சங்கிலியே சிலிக்கோன். சிலிக்கன் அணுக்களில் இணைந்த மீத்தைல் தொகுதிகள் வெளிமுகமாக நிற்பதால் அதன் பரப்பாற்றல் மிகக் குறைவு. சாந்தோ பிசினோ அதில் எளிதில் பற்றாது. நீர்மமாய் இருக்கையில் மயிரிழைக் கீறலுக்குள்ளும் புகுந்து பதியும். இறுகியபின் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கு மீளும். நுண்மையைப் பற்றும் ஆற்றலும் பொருளைப் பற்றாத இயல்பும் ஒன்றிலேயே கூடியிருப்பது வியப்பிற்குரியது.

இறுகும் முறையால் இது இருவகைப்படும். வெள்ளீயச் சேர்மத்தை வினையூக்கியாகக் கொண்ட வகை, இறுகும்போது ஆல்ககாலை வெளிவிட்டுச் சற்றே சுருங்கும். பிளாட்டின வகை எதையும் வெளிவிடுவதில்லை. சுருக்கமும் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதற்குக் கந்தகம் பகை. கந்தகம் கலந்த உருவக்களிமண்ணில் மூலவுருவைச் செய்திருந்தாலும், ரப்பர்ப் பால் கையுறையோடு கலவையைத் தொட்டாலும் வினையூக்கி செயலிழக்கும். தொட்ட பரப்பு நாட்கணக்கில் பிசுபிசுத்தே கிடக்கும். ஆதலின் மூலவுருவின் மூலையில் ஒரு துளி இட்டு இறுகுகிறதா எனக் காண்பது இன்றியமையாதது. ஐயம் தீராவிடில் வெள்ளீய வகையையே நான் பரிந்துரைப்பேன்.

தட்டையான அடிப்புறம் உடைய மதிலுக்கு மேல்திறந்த ஒற்றையச்சே போதும். மூலவுருவை அட்டைப் பெட்டியின் தரையில் ஒட்டி, சுற்றிலும் மேலேயும் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, இடுக்குகளைப் பசையால் அடைக்க வேண்டும். பெட்டியில் அரிசியைக் கொட்டி நிரப்பி, பின் அவ்வரிசியை அளந்தால் வேண்டிய கொள்ளளவு தெரியும். சிலிக்கோனின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 என்பதால் 150 மில்லிலிட்டருக்கு 165 கிராம் என எடைபோட்டுக் கலக்கலாம். முதலில் தூரிகையால் மெல்லியதாகப் பூசி, எஞ்சியதை உயரத்திலிருந்து ஒரே மூலையில் நூலாக ஊற்றினால், ஒழுக்கு மெலிகையில் குமிழிகள் உடையும்.

வார்ப்பதற்குப் பாரிஸ் சாந்து தக்கது. ஜிப்சத்தைச் சுட்டுப் படிகநீரின் பெரும்பகுதியை நீக்கிய தூள் அது. நீர் சேர்ந்தால் வெப்பம் உமிழ்ந்து மீண்டும் ஜிப்சமாகும். ஊசிப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்கையில் சாந்து இம்மியளவு விரிந்து அச்சின் நுண்வரிகளை நெருக்கி நிரப்பும். சூடு எழுந்து தணியுமுன் உருவை எடுத்தால் விளிம்பு உதிரும். அச்சை மடக்கி மெல்ல உரிக்க வேண்டும். வெள்ளீய அச்சு பயன்படாமல் இருந்தாலும் சில ஆண்டுகளில் வலுவிழந்து கிழியும். பிளாட்டின அச்சு அதனினும் நீடிக்கும். எவ்வகையாயினும் மூலவுருவைப் பேணி வைத்தவர்க்கே மறு அச்சு எளிது.