மைதானத்தில் பிறந்த மொழி

"பாண்டி ஆட உனக்கு எந்த வாத்தியார் சொல்லித் தந்தார்?"

ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய காலத்தில், 'பண்பாடு' என்ற சொல் புத்தகத்தில் வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. வகுப்பே சிரிக்கும். "வாத்தியார் இல்ல சார், எங்க அக்கா!" என்பாள் ஒருத்தி. அக்காவுக்கு யார்? "எதிர்வீட்டு அக்கா!" அவருக்கு யார்? அதற்கு மேல் பதில் வராது.

பண்பாடு என்றதும் கோயில் கோபுரமும், பரதநாட்டியமும், பொங்கல் பானையும் உங்கள் நினைவுக்கு வரும். அவையும் பண்பாடுதான். ஆனால், அந்தப் பாண்டியும் பண்பாடுதான், குழந்தைகளே! சிலந்திக்கு வலை பின்ன யாரும் கற்றுத் தருவதில்லை. அந்த வித்தை அதன் உடம்போடு பிறக்கிறது. நமக்கு அப்படி இல்லை. பேசுவது, சமைப்பது, வணக்கம் சொல்வது என எல்லாமே பிறரைப் பார்த்துக் கற்றவை. கூடி வாழ்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்று, தமக்குப் பின் வருபவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பண்பாடு.

சரி, கொடுப்பதற்கு யாருமே இல்லாவிட்டால்?

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்று ஒரு நாடு. அங்கே பேசுவது ஸ்பானிஷ் மொழி. 1970-கள் வரை அங்கிருந்த காது கேளாதவர்களுக்குப் பொதுவான சைகை மொழி கிடையாது. பெரும்பாலோர் வீட்டோடு இருந்தனர். பசித்தால் வாயைக் காட்டுவார்கள். தூக்கம் வந்தால் கன்னத்தில் கை வைப்பார்கள். அந்த ஜாடை அம்மாவுக்குப் புரியும். அடுத்த தெருவில் புரியாது. நேற்று என்ன கனவு கண்டேன் என்று சொல்ல வழியே இல்லை. நினைத்துப் பாருங்கள், மனதுக்குள் அத்தனையும் இருந்தும் சொல்ல முடியாமல் வளர்வதை!

1977-ல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. சுமார் 50 காது கேளாத பிள்ளைகள் சேர்ந்தனர். 1980-ல் பெரிய பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் வந்தது. 1983-க்குள் இரண்டிலுமாக 400-க்கு மேற்பட்டவர்கள் படித்தனர்.

வகுப்பில் என்ன சொல்லித் தந்தார்கள் தெரியுமா? உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும்! கேட்டே அறியாத மொழியை உதட்டில் எப்படிப் படிப்பது? பாடம் ஏறவில்லை. ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். எந்த ஊரிலும் நாங்கள் இப்படித்தான் போலிருக்கிறது!

ஆனால், இடைவேளையில் மைதானத்திலும், பள்ளிப் பஸ்சிலும் வேறொன்று நடந்து கொண்டிருந்தது. ஒருவன் வீட்டில் பழகிய சைகையை இன்னொருத்தி கற்றாள். அவளுடையதை அவன் கற்றான். எல்லாம் கலந்து ஒரு பொதுச் சைகை உருவானது. ஆசிரியர்களுக்கு அது புரியவே இல்லை.

1986-ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம், ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞரை அழைத்தது. அவர் வந்து பார்த்து அசந்து போனார். வெறும் ஜாடை அல்ல, இலக்கணம் கொண்ட ஒரு புது மொழி கண்முன்னே வளர்ந்து கொண்டிருந்தது. அதிலும், முதலில் வந்த பெரிய பிள்ளைகளை விட, பின்னால் வந்து சேர்ந்த பொடிசுகள்தான் வேகமாகவும் நுட்பமாகவும் கை பேசினர்!

ஓர் உதாரணம். ஒரு பூனை சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. இதைச் சொல்லும்போது மூத்தவர்களில் பலர், கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்கிக் காட்டினர். கண்ணால் கண்டதை அப்படியே நடித்துக் காட்டுவது போல. இளையவர்களோ 'உருளுதல்' என்று ஒரு சைகை, 'இறங்குதல்' என்று ஒரு சைகை என்று பிரித்து, வரிசையாகச் சொன்னார்கள். தமிழில் நாம் 'உருண்டு இறங்கியது' என்று இரண்டு சொல்லாகச் சொல்கிறோமே, அதுபோல! இந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அண்ணன், அக்கா கொடுத்ததைத் தம்பி, தங்கைகள் வாங்கினார்கள், வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. ஒரு பெரியவரும் பாடம் நடத்தாமலே இது நடந்தது. இன்று அந்த மொழிக்கு 'நிகரகுவா சைகை மொழி' என்று பெயர்.

இதைப் படித்தபோது என் பழைய வகுப்பு ஞாபகம் வந்து விட்டது. காது கேளாத பையன் ஒருவன் ஒரு வருடம் என்னிடம் படித்தான். பக்கத்துப் பிள்ளைகளும் அவனும் எப்போதும் கைகளால் பேசிக் கொண்டிருப்பார்கள். "கையை ஆட்டாதே, கரும்பலகையைப் பார்!" என்று மேஜையில் பிரம்பைத் தட்டுவேன். அந்தச் சத்தமும் அவனுக்குக் கேட்காது என்பது கூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கும் ஒரு சைகை வைத்திருந்தான். ஆள்காட்டி விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. கண்ணாடி இறங்கிக் கொண்டே இருந்தால் வேறென்ன செய்வார்கள்?

அவன் குடும்பம் வெளியூர் போய் இரண்டு வருடம் ஆன பிறகு, ஒரு நாள் தாழ்வாரத்தில் நடந்து வந்தேன். அவனைப் பார்த்தே இராத ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி, ஜன்னல் வழியே என்னைக் கண்டதும், தன் தோழிகள் பக்கம் திரும்பி, இல்லாத கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். வகுப்பு கப்சிப் என்றாகி விட்டது.