சீன மொழி படிக்கச் சீனா போகிறீர்களா? கம்ப்யூட்டரை முதலில் தயார் செய்யுங்கள்!

சாக்கோட்டை, காரைக்குடி பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கப்பலேறிக் கொண்டு விற்கப் போனவர்களின் ஊர் இது. அன்று போன இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும். இன்று பயணத்தின் பாதி வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம்.

சீன மொழி கற்கும் பத்து மாணவர்களைச் சில வாரப் படிப்புக்காகச் சீனாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரோ, பெற்றோரோ, பொறுப்பு உங்களுடையது. எங்கிருந்து தொடங்குவது?

எக்ஸெல்லில் ஒரு பட்டியல்

எக்ஸெல்லைத் திறந்து ஒரு மாணவருக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், அது காலாவதியாகும் தேதி, பெற்றோர் போன், ரத்த வகை ஆகியவை இருக்கட்டும். போன் எண் காலத்தை முதலில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்கிவிடும். காலாவதித் தேதியை வைத்து 'சார்ட்' செய்தால் ஆறு மாதத்துக்குள் முடியும் பாஸ்போர்ட்டுகள் மேலே வந்துவிடும். அவற்றை உடனே புதுப்பிக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்தான். விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே ஆன்லைனில் நிரப்பலாம்.

எந்த விசா?

படிப்பு 180 நாட்களுக்கு உட்பட்டது என்றால் எக்ஸ்-2 விசா. அதற்கு மேல் என்றால் எக்ஸ்-1. எக்ஸ்-1 விசாவில் போகிறவர்கள் அங்கே இறங்கிய 30 நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியின் அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட், புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், கிளம்பும்போது அந்த ஃபைல்களை அங்கிருந்து அழித்துவிட மறக்காதீர்கள்.

சீனத்தில் டைப் செய்யலாமா?

தாராளமாக! விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்று வரிசையாகச் சென்று 'ஆட் எ லாங்வேஜ்' க்ளிக் செய்து, எளிய எழுத்துச் சீனத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கீபோர்டு மாறும். 'நீ ஹாவ்' (வணக்கம்) என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்தால் போதும். சீன எழுத்துகள் பட்டியலாக வரும். சரியானதைத் தேர்வு செய்யலாம். தைவானுக்குப் படிக்கப் போகிறவர்கள் மட்டும் மரபு எழுத்துச் சீனத்தைச் சேர்க்க வேண்டும். அங்கே எழுத்து முறை வேறு.

வீட்டோடு பேசுவது எப்படி?

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இதுதான். ஜிமெயில் 2014 இறுதியிலும் வாட்ஸ்அப் 2017-லும் சீனாவில் முடக்கப்பட்டன. சீனாவில் எல்லோரும் பயன்படுத்தும் வீசாட்டோ, 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 ஆப்களில் ஒன்று. அதாவது, இங்குள்ள அம்மாவிடம் இருப்பது அங்கே ஓடாது, அங்குள்ள பிள்ளையிடம் இருப்பது இங்கே ஓடாது!

எனவே கிளம்பும் முன்பே பெற்றோர், மாணவர் இருவருக்கும் அவுட்லுக் போன்ற வேறு ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, ஒருவருக்கொருவர் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். குழுத் தலைவரின் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுவிடுங்கள். ரோமிங் டேட்டா நம் நாட்டு நெட்வொர்க் வழியாகச் செல்வதால் வாட்ஸ்அப் பொதுவாக வேலை செய்யும். பாஸ்வேர்டு கேட்கும்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணுக்கும் அந்த சிம் வேண்டும். அனுமதியற்ற விபிஎன்களை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. யாராவது சொன்னார்கள் என்று மாணவர்கள் அதில் இறங்க வேண்டாம். கூகுள் டிரான்ஸ்லேட்டின் சீனச் சேவை 2022-ல் நிறுத்தப்பட்டது. ஆகவே ஆஃப்லைன் மொழிக் கோப்பை இங்கேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு எட்டரைக்கு மாணவர் அழைத்தால் இங்கே மாலை ஆறு மணி. அழைக்கும் நேரத்தை முன்பே பேசி வைத்தால் இரு பக்கமும் கவலை இல்லை.

நேரம் கிடைத்தால் ஒரு நாள் ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்ஜோ துறைமுக நகருக்குப் போய் வாருங்கள். அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. கடைசி வரி சீன எழுத்தில்! 2021-ல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சீனம் படிக்கப் போன பிள்ளைகள் அங்கே தமிழின் தடத்தையும் தேடிப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே எடுத்த படங்களை அன்றிரவே வீட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.