ஒரே தெருவை இரண்டு முறை தோண்டிய நகரம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் லீத் வாக் என்றொரு நீண்ட கடைத்தெரு. நகரின் நடுப்பகுதியிலிருந்து லீத் துறைமுகத்தை நோக்கி இறங்கிப் போகும். கீழே கடைகள், மேலே அடுக்கடுக்காகக் குடியிருப்புகள். டிராம் வரப்போகிறது, அதற்கு முன் மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்களை நகர்த்த வேண்டும் என்று 2007-இல் தொடங்கிய வேலையில் இந்தத் தெருவையும் தோண்டினார்கள். தடுப்பு வேலிகளுக்குப் பின்னால் நின்றபடி கடைக்காரர்கள் வியாபாரம் பார்த்தார்கள். பிறகு பள்ளங்களை மூடினார்கள். டிராம் வரவில்லை. 2019-இன் கடைசியில் அதே தெருவில் மறுபடியும் வேலை ஆரம்பமானது. கடைசியில் டிராம் ஓடியது 2023 ஜூன் 7 அன்று.

டிராம் பாதை போடுவதில் ஒரு நகரம் எந்த அளவுக்குச் சறுக்கலாம் என்பதற்கும், சறுக்கிய நகரமே பிறகு அதை எப்படி ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்கும் எடின்பரோ ஒன்றே போதும். என்ன மாறியது என்று பார்த்தால், பதில் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் கிடைக்கிறது.

எடின்பரோவுக்கு டிராம் புதிதல்ல. அங்கே முதலில் குதிரை இழுத்தது. பிறகு தெருவுக்கடியில் ஓடும் இரும்புக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நகரும் வண்டிகள் வந்தன. பக்கத்து ஊரான லீத், 1905-லேயே மின்சார டிராமுக்கு மாறிவிட்டது. எடின்பரோ கயிற்றை விடவில்லை. ஆகவே இரண்டு ஊர்களின் எல்லையான பில்ரிக்கில் எல்லோரும் இறங்கி, மழையோ குளிரோ, அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். 1920-இல் இரண்டு ஊர்களும் ஒன்றான பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1956 நவம்பர் 16 அன்று நகரின் கடைசி டிராம் ஓடி முடிந்தது. 1895-இல் தொடங்கிய நம் சென்னை டிராம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1953 ஏப்ரலில், நின்றது. பேருந்தும் காரும் போதும் என்று உலகமே முடிவு செய்த காலம் அது.

அந்த முடிவு தவறு என்று பல நகரங்கள் உணர அரை நூற்றாண்டு ஆயிற்று. எடின்பரோ 2002-இல் 'டை' என்ற நிறுவனத்தை உருவாக்கியது. முழுக்க நகர மன்றத்துக்குச் சொந்தமான நிறுவனம். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே புகுந்து, லீத் வழியாகக் கடலோரத்து நியூஹேவன் வரை பதினெட்டரைக் கிலோமீட்டர் பாதை என்பது திட்டம். 2006-இல் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி கொடுத்தது. மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த கட்சி திட்டத்தையே ரத்து செய்யப் பார்த்தது; சிறுபான்மை அரசு என்பதால் எதிர்க்கட்சிகள் சேர்ந்து வாக்களித்துக் காப்பாற்றிவிட்டன. மொத்த ஒதுக்கீடு 54.5 கோடி பவுண்டு. 2011 கோடையில் டிராம் ஓடும் என்றார்கள்.

இந்த இடத்தில் தெருவின் வயிற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தெரு என்பது மேலே இருக்கும் தார் மட்டுமல்ல. அதற்கடியில் குடிநீர்க் குழாய், சாக்கடை, எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் போட்டவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு வரைபடம் உண்டு. சிலவற்றின் வரைபடம் ஓரிடம் சொல்லும், குழாய் வேறிடத்தில் இருக்கும். சிலவற்றுக்கு வரைபடமே கிடையாது. குழாய் உடைந்தால் பேருந்தைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிடலாம். டிராமைத் திருப்ப முடியாது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாய் கசிந்தால், அதைச் சரிசெய்யும் வரை பாதை முழுவதும் நிற்கும். அதனால்தான் முதலில் குழாய்களைத் தள்ளிப் போட வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டிராமுக்கு மின்சாரம் மேலே கட்டிய கம்பி வழியாக வருகிறது. எடின்பரோவில் 750 வோல்ட் நேர்மின்சாரம். வந்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகிறது. வழியில் கொஞ்சம் கசிந்து மண்ணில் இறங்கினால், அருகில் இருக்கும் இரும்புக் குழாய்களை மெல்ல மெல்ல அரித்துவிடும். அதனால் தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் போன்ற உறையிட்டு, கான்கிரீட் பலகத்துக்குள் பதிக்கிறார்கள். மேலே நடப்பவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பளபளக்கும் கோடுகளும், சக்கர விளிம்பு ஓடுவதற்கான குழிவும் மட்டும்.

எல்லாக் குழாயையும் நகர்த்தியே ஆக வேண்டுமா? அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் வேறு விதமாக யோசித்தது. 2001-இல் அங்கே ஓடத் தொடங்கிய பாதைக்கு ஓரடி ஆழம் மட்டுமே தோண்டி மெல்லிய பலகம் போட்டார்கள். ஆழத்தில் கிடந்த குழாய்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்று நான்கு கட்டடத் தொகுதிகளை ஒரு துண்டாக எடுத்து, சில வாரங்களில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். பின்னால் எப்போதாவது பழுதுபார்க்க டிராமை நிறுத்த வேண்டி வந்தால் வரட்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். போர்ட்லண்டின் வண்டி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம்தான். எடின்பரோ வாங்கியவை 42.8 மீட்டர். அந்த வழியை அப்படியே எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எதை நகர்த்துவது, எதை விடுவது என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுத் தீர்த்தது போர்ட்லண்ட். எடின்பரோ அதைத் தீர்க்காமலே கையெழுத்துப் போட்டது.

2008 மே மாதம், பில்ஃபிங்கர் பெர்கர், சீமென்ஸ், காஃப் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணியோடு ஒப்பந்தம் ஆனது. குழாய் நகர்த்தும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. பாதையின் வடிவமைப்பும் முடிந்திருக்கவில்லை. விலை உறுதியானது என்றுதான் நகர மன்ற உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு பகுதியிலோ, இந்த விலை எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்று பட்டியல் இருந்தது. வடிவமைப்பு மாறாது, குழாய்கள் சொன்ன நேரத்தில் நகர்ந்துவிடும் என்பது போன்ற அனுமானங்கள். ஒன்று பொய்த்தால் விலை ஏறும். வடிவமைப்பே முடியாத நிலையில் அவை பொய்க்காமல் வேறென்ன செய்யும்? இதைப் படிக்கிறபோது எனக்குக் கோபம்தான் வருகிறது. கட்டுமானத்தில் தவறு நேர்வது சகஜம். இது கட்டுமானம் தொடங்கும் முன்பே காகிதத்தில் நேர்ந்த தவறு.

2009 பிப்ரவரியில், நகரின் முகமான பிரின்சஸ் ஸ்ட்ரீட்டை மூடி வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் இரு தரப்பும் பணத்துக்காக முட்டிக்கொண்டன. பிறகு, ஆகும் செலவைக் கொடுத்துவிடுகிறோம் என்று அந்தத் தெருவுக்கு மட்டும் தனி உடன்பாடு. மற்ற தகராறுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவரிடம் போயின. பல தீர்ப்புகள் ஒப்பந்ததாரர் பக்கமே சாய்ந்தன. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் போட்ட பாதையும் சரியாக அமையவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய தளம் பெயர்ந்து வந்தது. 2011-இல் அந்தத் தெருவை மறுபடியும் மூடி, மறுபடியும் போட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச்சில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசிய பிறகுதான் வேலை நகர்ந்தது. 'டை' நிறுவனம் கலைக்கப்பட்டது. லீத் கைவிடப்பட்டது. கையில் இருக்கும் பணத்துக்கு நகரின் நடுப்பகுதிக்குக்கூடப் போகாமல் ஹேமார்க்கெட்டோடு நிறுத்திவிடலாம் என்று ஆகஸ்டில் நகர மன்றம் தீர்மானித்தது. மிச்ச மானியத்தைத் தரமாட்டோம் என்று ஸ்காட்டிஷ் அரசு சொன்னதும், ஒரு வாரத்தில் அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. 2014 மே 31 அன்று விமான நிலையத்திலிருந்து யார்க் பிளேஸ் வரை 14 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தது. சொன்னதைவிட மூன்று ஆண்டு தாமதம். செலவு 77.6 கோடி பவுண்டு என்று கணக்குக் காட்டப்பட்டது. வாங்கிய 27 டிராம்களும் நியூஹேவன் வரை ஓட வேண்டியவை. அவற்றில் பல வேலையின்றி நின்றன.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க, முன்னாள் நீதிபதி ஹார்டி பிரபு தலைமையில் 2014-இல் விசாரணை அறிவிக்கப்பட்டது. அறிக்கை வந்தது 2023 செப்டம்பரில். பாதை போட்டதைவிட அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க அதிக காலம் பிடித்தது, விசாரணைக்கே 1.3 கோடி பவுண்டு ஆனது. உண்மையான மொத்தச் செலவு 83.57 கோடி என்று ஹார்டி கணக்கிட்டார். பெரும்பழி 'டை' நிறுவனத்தின் மேல். நகர மன்ற அதிகாரிகளும் தப்பவில்லை. போக்குவரத்துத் துறையின் நிபுணர்களை ஒதுக்கி வைத்த அமைச்சர்களும் தப்பவில்லை. மக்கள் பிரதிநிதிகளிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருபவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமா என்று அரசு ஆராய வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையிலேயே கனமான பரிந்துரை இதுதான். மன்றத்தில் கை தூக்கியவர்களுக்கு, எதற்குக் கை தூக்குகிறோம் என்றே தெரியாமல் இருந்தது.

ஆனால் அறிக்கை வருவதற்கு மூன்று மாதம் முன்பே லீத்துக்கு டிராம் ஓடத் தொடங்கிவிட்டது.

2019 மார்ச்சில் நகர மன்றம் நியூஹேவன் நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்தபோது, ஊரில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த முறை என்ன செய்தார்கள் என்றால், முதலில் விலையை அவர்களே ஏற்றிச் சொன்னார்கள். 2017-இல் 16.5 கோடி என்றிருந்த மதிப்பீடு, எதிர்பாராத செலவுகளுக்கும் இடம் வைத்து, 20.7 கோடி ஆயிற்று. ஒப்பந்ததாரரைத் தேர்ந்த பின் உடனே மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. சில மாதங்கள் இரு தரப்பும் சேர்ந்து வடிவமைப்பையும் ஆபத்துகளையும் பார்த்தார்கள். தோண்டும் முறையும் மாறியது. முன்பு குழாய்க்காரர் தனி, தண்டவாளக்காரர் தனி. இப்போது ஒரு பகுதியை ஒரு முறை திறந்தால், குழாய், தண்டவாளம், நடைபாதை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் மூடுவது. ஒரு துறை போட்ட சாலையை அடுத்த வாரம் இன்னொரு துறை வெட்டுவதைப் பார்த்தே பழகிய நமக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர்களுக்கு நிதியுதவியும் ஒதுக்கினார்கள்.

மண் அப்போதும் சும்மா இருக்கவில்லை. லீத்தின் கான்ஸ்டிடியூஷன் ஸ்ட்ரீட்டில், தெற்கு லீத் தேவாலயத்தின் பழைய இடுகாட்டின் ஒரு பகுதி மேல்தான் சாலை போகிறது. இது தெரிந்ததனால் தொல்லியலாளர்களை முன்கூட்டியே வேலையில் சேர்த்திருந்தார்கள். சாலைக்கு நடுவே, பழைய குழாய்கள் வெட்டிச் சென்ற மண்ணிலிருந்து, அவர்கள் கையால் தோண்டி 360-க்கும் மேற்பட்டோரின் எலும்புகளை எடுத்தார்கள். 1300-க்கும் 1650-க்கும் இடைப்பட்ட காலத்து மனிதர்கள். அந்த இடுகாட்டின் மதில் என்று கருதப்படும் சுவரும் வெளிப்பட்டது. பில்ரிக்கில் பழைய கயிற்று டிராமின் இரும்புச் சக்கரங்கள் கிடைத்தன. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வேலையை நிறுத்தியது. இத்தனைக்குப் பிறகும் 4.69 கிலோமீட்டர் பாதை, ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்தது. எட்டு புதிய நிறுத்தங்கள். வண்டி ஒன்றுகூடப் புதிதாக வாங்கவில்லை. சும்மா நின்ற டிராம்களுக்குக் கடைசியில் வேலை வந்தது. 2024-இல் பயணிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. முதல் ஆண்டில் அது அரைக் கோடிக்கும் குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. தண்டவாளக் குழிவுக்குள் சைக்கிள் சக்கரம் சிக்கி விழுந்து காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். 2017-இல் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு மாணவி அப்படி விழுந்து உயிரிழந்தார். சைக்கிள் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்தால் ஆபத்து குறைவு. சாய்வாகக் கடக்க நேரும் இடங்களில்தான் விபத்து. எந்தச் சந்திப்பில் எந்தக் கோணத்தில் சைக்கிள் வரும் என்பதை வரைபடத்திலேயே பார்த்திருக்க வேண்டும். அது வடிவமைப்பாளரின் பொறுப்பு. ஓட்டுபவரை எச்சரிக்கும் பலகை அதற்கு ஈடாகாது.

இப்போது நகரம் வடக்கே கிரான்டனிலிருந்து தெற்கே மருத்துவமனைப் பகுதி வரை அடுத்த பாதையைப் பேசுகிறது. 2025-இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வடபகுதியில் இரண்டு வழிகள். ஒன்று, பழைய ரயில் தடத்தில் மரங்கள் அடர்ந்து, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பயன்படுத்தும் ரோஸ்பர்ன் பாதை. கடைத்தெருவைப் போல அடியில் குழாய்க் காடு இருக்காது, வேலை சுலபம். இன்னொன்று ஆர்ச்சர்ட் பிரே சாலை வழி. அதற்கு தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய, இருநூறு ஆண்டுகளை நெருங்கும் டீன் பாலத்தின் மேல் டிராம் ஏற வேண்டும். ரோஸ்பர்ன் பாதையைக் காக்க ஊரில் வலுவான எதிர்ப்பு இருக்கிறது. அந்த எதிர்ப்பில் எனக்கு நியாயம் தெரிகிறது. நகரத்தில் இன்று சைக்கிளில் பயமின்றிப் போகக் கிடைத்திருக்கும் சில பாதைகளில் அது ஒன்று. தோண்டச் சுலபம் என்பதற்காக அதை எடுத்துக்கொள்வதற்கு முன், டீன் பாலம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதையும், ஆர்ச்சர்ட் பிரேயின் அடியில் என்னென்ன கிடக்கிறது என்பதையும் குழி வெட்டிப் பார்த்து, அந்தக் கணக்கை முழுசாக மன்றத்தின் முன் வைக்க வேண்டும்.